கிடைக்கிற எண்ணெய்க்கு ஏற்ற எஞ்சின்

தம்பி, எஞ்சினைப் பிரித்து மேசையில் பரப்பியவுடன் நீ கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பிஸ்டன் போட்டால் இழுவை கூடும்?" என்பது. உன்னைக் குறை சொல்லவில்லை. கராஜுக்கு வருகிற பெடியள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். தாய்லாந்தில் டீசல் பிக்கப்புகளைப் பந்தயத்துக்கு விடுகிற காணொளிகளைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, மன்னார்ப் பாலத்திலும் அப்படிப் பறக்கலாம் என்று நினைக்கிறார்கள். பறக்கலாம். எத்தனை நாளைக்கு என்பதுதான் பேச்சு.

பிஸ்டனைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் உன்னிடமே நீ கேட்க வேண்டியவை மூன்று இருக்கின்றன. என்ன ஏற்றப் போகிறாய்? எந்த வீதியில் ஓடப் போகிறாய்? எந்த எண்ணெய் ஊற்றப் போகிறாய்? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் பிஸ்டன் எது, கொம்பிரஷன் எவ்வளவு என்பது தன்பாட்டில் வெளிக்கும். பதில் சொல்லாமல் கடைக்குப் போனால் கடைக்காரன் உனக்காகத் தீர்மானிப்பான். எஞ்சினுக்குச் சொல்கிற இந்தப் புத்தி உன் சீவியத்துக்கும் பொருந்தும் என்பதால்தான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சுமை உன்னுடையது, வீதி உன்னுடையது

பேசாலையில் பின்னேரம் ஐஸ் போட்டுப் பெட்டி அடுக்குகிற லொறி, இருட்டியதும் பாலம் தாண்டி, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் என்று ஓடி, விடிவதற்குள் பேலியகொடை மீன் சந்தையில் நிற்க வேண்டும். 300 கிலோமீற்றருக்கு மேல். அதற்கு வேண்டியது வேகமல்ல. நிற்காமல் ஓட வேண்டும், சூடேறாமல் ஓட வேண்டும், விடியற்காலையில் விலை கூறும்போது அங்கே நிற்க வேண்டும். அரை மணி நேரம் முந்திப் போனால் ஒரு சதமும் கூடக் கிடைக்காது. வழியில் நின்றுவிட்டால் முழுச் சுமையும் போகும்.

முருங்கனில் கட்டுக்கரைக்குளத்து வயல்களில் வெட்டு முடிந்து நெல் ஏற்றுகிறவனின் கணக்கு வேறு. அவனுக்கு ஓட்டம் கொஞ்சம், சுமை அதிகம். வரம்போரத்து மண் பாதையில் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறி வர வேண்டும். குறைந்த சுற்றில் இழுக்கிற எஞ்சின் அவனுக்கு வேண்டும். தலைமன்னார்ப் பக்கம் மணலில் படகு இழுக்கிற பழைய டிராக்டரின் பாடு இன்னொன்று.

எங்கள் மண் தட்டை, மலை ஏற்றம் கிடையாது. ஆனால் வெயில் உண்டு, மணல் உண்டு, உப்புக் காற்று உண்டு. அப்படியிருக்க, வேறு நாட்டில் பந்தயப் பாதையில் கால் மைல் ஓடுவதற்குக் கட்டிய எஞ்சினின் அளவுகளை நீ ஏன் இங்கே கொண்டு வருகிறாய்? மற்றவனின் ஓட்டத்துக்கு உன் எஞ்சினைக் கட்டாதே. கனடாவில் இருக்கிற மச்சான் வீடு கட்டினான் என்று நீ மாடி எழுப்பாதே. உன் சுமை என்ன, உன் வீதி எது என்று பார்.

நாற்பது சீசீக்குள் நடக்கிற காரியம்

கொம்பிரஷன் என்று எல்லோரும் வாயால் சொல்கிறார்கள். கணக்காகச் சொல்லச் சொன்னால் பாதிப்பேர் தலையைச் சொறிகிறார்கள். பிஸ்டன் கீழே நிற்கும்போது சிலிண்டருக்குள் இருக்கிற மொத்த இடத்தை, பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடத்தால் வகுத்துப் பார். வருகிறதுதான் கொம்பிரஷன் விகிதம்.

உன் லொறியையே எடுப்போம். இசுசு 4ஜேபி1. சிலிண்டரின் விட்டம் 93 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் 102 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு 693 சீசீ. நாலுக்கும் 2,771 சீசீ. கம்பனி வைத்த விகிதம் 18.2. அப்படியானால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடம் 40 சீசீதான். 733 சீசீ காற்று 40 சீசீக்குள் ஒடுங்குகிறது. ஒடுங்கும்போது சூடு 500 பாகையைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டுக்குள் டீசலைப் பீய்ச்சினால் பிளக்கும் வேண்டாம், பொறியும் வேண்டாம், தானே பற்றும். 1897 இல் ஜேர்மனியில் ஔக்ஸ்பேர்க் நகரில் ருடோல்ஃப் டீசல் ஓட்டிக் காட்டியது இந்த வித்தையைத்தான்.

இப்போது கவனி. கடையில் சரியான கஸ்கெட் இல்லையென்று அரை மில்லிமீற்றர் தடித்த ஒன்றைப் போடுகிறாய் என்று வை. அரை மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். 93 மில்லிமீற்றர் விட்டத்துக்கு அது 3.4 சீசீ. மிஞ்சுகிற இடம் 40.3 இலிருந்து 43.7 ஆகிறது. விகிதம் 18.2 இலிருந்து 17க்கும் கீழே இறங்குகிறது. வாடைக் காற்று அடிக்கிற மார்கழி விடியலில் லொறி வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். நீ பற்றறியைத் திட்டுவாய்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாதிரி டீசல் எஞ்சினில் ஹெட் தட்டையானது. எண்ணெய் எரிகிற அறை பிஸ்டனின் தலைக்குள் குழியாக இருக்கிறது. பெற்றோல் எஞ்சினில் ஹெட்டைச் சீவினால் விகிதம் ஏறும். இதில் ஹெட்டைச் சீவினால் வால்வு பிஸ்டனுக்குக் கிட்ட வருமே தவிர, குழி குறையாது. ஆகையால் டீசலில் விகிதத்தைத் தீர்மானிப்பது பிஸ்டன். விட்டம் ஒன்று, பின் ஒன்று, உயரம் ஒன்று, ஆனால் குழி 3 சீசீ பெரியது என்றால், அந்தப் பிஸ்டன் பிசகில்லாமல் உள்ளே போகும், எஞ்சினும் ஓடும். விகிதம் மட்டும் 17 ஆகியிருக்கும். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பிஸ்டன் வாங்கும்போது, "அதே எஞ்சின்தான் அண்ணை, அப்படியே பொருந்தும்" என்று சொல்வார்கள். பொருந்துவது வேறு, சரியாக இருப்பது வேறு.

அளந்து பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. பிஸ்டனின் தலையைச் சுத்தமாகத் துடை. குழியைச் சுற்றி மெல்லியதாகக் கிறீஸ் பூசு. நடுவில் சின்னத் துளையிட்ட கண்ணாடிப் பிளாஸ்டிக் துண்டொன்றை மேலே அழுத்தி வை. பார்மசியில் விற்கிற சிரிஞ்சில் மண்ணெண்ணெயை இழுத்து, துளை வழியாகக் குமிழி இல்லாமல் நிரப்பு. எத்தனை சீசீ போனது என்று கொப்பியில் எழுது. நாலு பிஸ்டனுக்கும் செய். நாலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு பிஸ்டனைக் கோர்த்து, அது புளொக்கின் மேல் விளிம்பைத் தாண்டி எவ்வளவு தலை நீட்டுகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார். அந்த நீட்டலுக்கு ஏற்ற தடிப்பில் கஸ்கெட் தெரிவு செய். ஒரே எஞ்சினுக்கே தடிப்பு வேறு வேறாகக் கஸ்கெட் வருவது இதற்காகத்தான்.

எனக்கு லேத் வேலை பழக்கியவர் எருக்கலம்பிட்டிக்காரர். அவர் வாயால் சொன்ன அளவை வாங்க மாட்டார். "நீ பார்த்தாயா, கேட்டாயா?" என்பார். கேட்டது என்றால் வேலை தொடங்காது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றியபோது அவரால் லேத்தைக் கொண்டுபோக முடியவில்லை. மைக்ரோமீற்றரைச் சாரத்தின் மடியில் கட்டிக்கொண்டு படகேறினார். புத்தளத்தில் அந்த மைக்ரோமீற்றரை வைத்தே வேறொருவரின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு தனக்கென்று ஒன்று போட்டார். அவரிடம் நான் கற்றது இது: உன் கையால் அளக்காத எண்ணை நம்பி இரும்பை வெட்டாதே. ஏஜென்சிக்காரன் சொல்கிற சம்பளத்தை நம்பிக் காணியை ஈடு வைக்காதே. புரோக்கர் சொல்கிறதை மட்டும் நம்பிக் கலியாணத்துக்கு நாள் வைக்காதே. போய்ப் பார், அள, எழுது.

ஏ40 ராசாவாக இருந்த காலம்

எண்ணெய்க்கு வருவோம். நீ பிறக்க முன்னம் நடந்த கதை.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து என்று பலதுக்கும் தடை வந்தது. மன்னார்த் தீவு பின்னர் படையினரின் கைக்குப் போனது. பெருநிலத்தில் அடம்பன், விடத்தல்தீவுப் பக்கமெல்லாம் தடைக்குள். யாழ்ப்பாணமும் அப்படித்தான். களவாக வந்த பெற்றோலைப் போத்தல் கணக்கில் வாங்கினார்கள். அப்போது ஓடியது மண்ணெண்ணெய்.

பெற்றோல் கார் மண்ணெண்ணெயில் ஓடுமா என்று கேட்பாய். ஓடியது. சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலைக் காபுரேற்றருக்குக் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வருகிறவனுக்குக் கண் எரியும். ஆனால் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வார்.

எல்லாக் காரும் அப்படி ஓடவில்லை என்பதுதான் நீ கவனிக்க வேண்டிய இடம். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் மிகவும் குறைவு. அழுத்தம் கூடினால் பிளக் பொறிக்க முன்னமே, அல்லது பொறித்த கையோடு கண்டபடி, வெடித்து எரியும். எஞ்சின் டக்டக்கென்று அடிக்கும். விகிதம் 9ஐத் தொடுகிற ஜப்பான் கார்கள் அடி தாங்காமல் முக்கின. 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ40 சோமர்செட்டுக்கு விகிதம் 7.2தான். அந்தக் கால எண்ணெயின் தரத்துக்கு ஏற்றபடி அடக்கமாகக் கட்டிய எஞ்சின். அது மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு, இருமிக்கொண்டு ஓடியது. அதுவரை கிழட்டுக் கார் என்று சிரித்தவர்கள், ஏ40 வைத்திருந்தவன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

வெள்ளைக்காரனுக்கும் இந்தப் புத்தி இருந்தது. ஃபேர்குசன் டீஈ20 டிராக்டரை அவன் ஒரே எஞ்சினோடு உலகம் முழுக்க விற்கவில்லை. பெற்றோலுக்கு ஒன்று, டிராக்டருக்கென்று காய்ச்சிய மலிவு எண்ணெய்க்கு ஒன்று, விளக்கெரிக்கிற மண்ணெண்ணெய்க்கு ஒன்று என்று கொம்பிரஷனைக் கூட்டிக் குறைத்துச் செய்தான். இன்றைக்கும் வங்காலையில், பேசாலையில் பைபர் படகுகளில் பூட்டுகிற மண்ணெண்ணெய் அவுட்போர்டைப் பார். பெற்றோலுக்கென்று வருகிறதைவிட அதற்குக் கொம்பிரஷன் குறைவு. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள்.

அது பழைய கதை என்று தள்ளிவிடாதே. 2022 உனக்குத் தெரியும். எண்ணெய்க்கு வரிசையில் கிடந்தோம். ஜூலையில் கியூஆர் முறை வந்தது. 22 ஓகஸ்ட் அன்று மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. தொழிலுக்குப் போகிற சனம் படகைக் கரையில் ஏற்றிவிட்டு இருந்தது. அந்த வருசம் டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்களும் உண்டு. டீசலுக்கு இருக்கிற வழுக்கும் குணம் மண்ணெண்ணெய்க்கு இல்லை. பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்து, பிறகு இலாபத்தைப்போல் பல மடங்கு செலவழித்தார்கள்.

ஆகையால், நல்ல எண்ணெய் எப்போதும் கிடைக்கும் என்று நினைத்து எஞ்சின் கட்டாதே. கெட்ட நாளில் என்ன கிடைக்குமோ, அதிலும் ஓடித் தப்புகிற மாதிரிக் கட்டு. அடக்கமாகக் கட்டியது கெட்டகாலத்தில் கை கொடுக்கும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தெருவில் பார்த்தேன்.

எதுவரை கூட்டலாம்?

ஹரி ரிக்கார்டோ என்று ஓர் ஆங்கிலேயப் பொறியியலாளர் இருந்தார். 1885 இல் பிறந்தவர். ஓடிக்கொண்டிருக்கும்போதே கொம்பிரஷனைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சோதனை எஞ்சின் ஒன்றைக் கட்டினார். ஒவ்வொரு வகை எண்ணெயையும் ஊற்றி, விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டம் வரைக்கும் பலம் கூடியது. அதற்கு மேலே ஏற்றினால் அடிதான் மிஞ்சியது. அந்த எல்லைக்கு அவர் வைத்த பெயர், பயன்தரும் உச்ச அழுத்த விகிதம். ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒவ்வோர் எல்லை.

அந்த எல்லையை எட்ட முன்னமே இலாபம் சுருங்கத் தொடங்கிவிடும். பெற்றோல் எஞ்சினுக்கு ஏட்டுக் கணக்குச் சொல்கிறேன். விகிதம் 7 என்றால், எரிகிற சூட்டில் உச்சமாக 54 வீதத்தை வேலையாக மாற்றலாம். 8 ஆக்கினால் 56.5. ஒரு படி ஏறியதற்கு இரண்டரை வீதம் கிடைத்தது. 11 இலிருந்து 12க்கு ஏற்றினால் 61.7 இலிருந்து 63 வரைதான். அதே ஒரு படிக்குப் பாதி இலாபம். அழுத்தமோ, சூடோ, பெயரிங்கில் விழுகிற பாரமோ பாதியாகவில்லை. அவை ஏறிக்கொண்டே போகின்றன. டீசலில் இந்த இலாபம் இன்னும் சொற்பம். 18ஐ 20 ஆக்கி நீ உணரக்கூடிய இழுவை ஒன்றும் வராது. ஹெட் கஸ்கெட்டும் கொன் ரொட் பெயரிங்கும்தான் அதை உணரும்.

டேர்போ ஆசைக்கும் ஒரு வார்த்தை. மதவாச்சி வீதியில் மீன் லொறி ஓட்டிய ஒரு தம்பி, டேர்போ இல்லாமல் வந்த எஞ்சினுக்குப் பழைய டேர்போ ஒன்றைப் பூட்டி, பம்பில் எண்ணெயையும் கூட்டிவிட்டான். பிஸ்டனையும் விகிதத்தையும் தொடவில்லை. டேர்போ உள்ளே தள்ளுகிற காற்று ஏற்கெனவே நெருங்கியது. அதை மறுபடி 18இல் ஒரு பங்காக நசுக்கினால் அழுத்தம் எங்கே போய் நிற்கும்? கம்பனி டேர்போவோடு தருகிற எஞ்சினில் பிஸ்டனின் மேல் ரிங் காடிக்கு இரும்பு வளையம் வைத்து வார்த்திருப்பார்கள், அடியில் ஓயில் பீய்ச்சிக் குளிர வைப்பார்கள், பல எஞ்சின்களில் விகிதத்தையும் கொஞ்சம் இறக்கியிருப்பார்கள். இவனுக்கு முதல் கிழமை சந்தோஷம். பிறகு ஓர் இரவு மடு வீதிச் சந்திக்குக் கிட்ட நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தோம். மூன்றாம் பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் இடையில் இருக்கிற வரம்பு விரலகலத்துக்கு உடைந்து, துண்டு லைனரை உழுதுவிட்டிருந்தது. அலுமினியம் உருகிச் சுவரில் பூசிக்கிடந்தது. பெட்டியில் இருந்த மீனில் பாதி கருவாட்டுக்குப் போனது.

லீசிங்கும் இப்படித்தான் தம்பி. சோளகத்தில் மீன் பட்ட மாதத்து வருமானத்தைக் காட்டி, அந்த அளவுக்குத் தவணை கட்டுகிறாய். கடல் குழம்பித் தொழில் படுத்த மாதத்திலும் தவணை அதேதான். உன் வருமானத்துக்கு ஒரு பயன்தரும் உச்சம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கப் பழகு. கடைசிச் சொட்டுப் பலத்தையும் முதல் நாளே பிழிந்தவனிடம், இடி விழுகிற நாளில் கையிருப்பு ஒன்றும் இருக்காது.

இறுக்கினால் சிக்கும்

பிஸ்டனில் இரண்டு சாதி. ஒன்று உருக்கி அச்சில் வார்த்தது. மற்றது சூடாக்கிய கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அடித்து உருவாக்கியது. பெடியள் "ஃபோர்ஜ்ட், ஃபோர்ஜ்ட்" என்று உருகுவது இரண்டாவதுக்கு. அது பலமானதுதான். அடி தாங்கும். ஆனால் பந்தயத்துக்கென்று அடிக்கிற பிஸ்டன்களில் சிலிக்கன் குறைந்த கலவையைப் போடுவார்கள். அது சூட்டில் அதிகம் விரியும். விரிய இடம் வேண்டுமென்று தளர்வாகப் பூட்ட வேண்டும். தளர்வாகப் பூட்டினால் காலையில் குளிர்ந்த எஞ்சினில் சிலிண்டர்ச் சுவரில் தட்டும், ஓயில் குடிக்கும். தினமும் ஓடி நின்று, ஓடி நிற்கிற லொறிக்கு அது நோய். சிலிக்கன் கூடிய வார்ப்புப் பிஸ்டன் குறைவாக விரியும், நெருக்கமாக நிற்கும், சத்தமில்லாமல் நீண்ட காலம் உழைக்கும், விலையும் குறைவு. பலசாலி எல்லா வேலைக்கும் உகந்தவன் அல்ல.

எதைப் போட்டாலும் இடைவெளியை மறக்காதே. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதற்காகப் பிஸ்டனின் பாவாடைக்கும் சுவருக்கும் இடையில் 0.05 மில்லிமீற்றர் அளவில் இடம் விடுகிறார்கள். தலைமயிரின் தடிப்பைவிடக் கொஞ்சம் குறைவு. கம்பனிப் புத்தகத்தில் உன் எஞ்சினுக்குரிய அளவு இருக்கும். அதைவிட இறுக்கிப் பூட்டினால் முதல் தரம் சூடேறும்போதே சிக்கிக்கொள்ளும். ரிங்கின் வாய்க்கும் இதே சட்டம். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, இரண்டு நுனிக்கும் இடையில் ஃபீலர் கேஜ் போட்டுப் பார். இடம் போதாதென்றால் அரத்தால் மெல்ல ராவு. நுனிகள் முட்டினால் ரிங் விரிய வழியில்லாமல் சுவரைக் கீறும், அல்லது உடையும்.

கூட்டுத் தொழில் செய்கிற அண்ணன் தம்பிக்கும் இதையே சொல்வேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே கணக்குப் போதும் என்று இறுக்கிப் பூட்டுவார்கள். சூடு வருகிற நாளில் விரிய இடமிருக்காது. காசுக்கு ஒரு கொப்பி, பேச்சுக்கு ஓர் அளவு, ஆளுக்கு ஓர் ஓய்வு நாள். அந்த இடைவெளி பாசக் குறைவு அல்ல.

மணலும் உப்பும்

இதுவரை சொன்னதெல்லாம் கட்டுகிற நாளில் செய்வது. என் மேசைக்கு வந்த எஞ்சின்களில் பெரும்பாலானவை கட்டிய பிழையால் சாகவில்லை. மணலால் செத்தன. சோளகம் அடிக்கிற மாதங்களில் தீவின் மணல் மாவாகப் பறக்கும். எயார் கிளீனர்ப் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கிற றப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு, அல்லது கிளிப் கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும். அந்த மா ரிங்குக்கும் சுவருக்கும் இடையில் அரைக்கும். புது பிஸ்டன், புது லைனர், நல்ல கொம்பிரஷன் எல்லாம் ஒரு பருவத்துக்குள் முடிந்துவிடும். பத்து நிமிடம் செலவழித்துக் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பார். விரலில் நறநறத்தால் லொறியை வீதிக்கு எடுக்காதே.

அடுத்தது தண்ணீர். எங்கள் கிணறுகளில் பலது உவர். அதை றேடியேட்டருக்கு ஊற்றினால் உள்ளே காறை படியும். காறை படிந்தால் சூடு வெளியேறாது. சூடு வெளியேறாவிட்டால் நான் சொன்ன 0.05 மில்லிமீற்றர் எங்கே மிஞ்சும்? கூலன்ட் ஊற்று. வசதியில்லையென்றால் மழைத் தண்ணீரையாவது சேர்த்து வைத்து ஊற்று. மீன் பெட்டியிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர் சேசிஸில் படாமல் தகரம் அடி.

மனிதரையும் பெரிய இடிகள் அடிக்கடி விழுத்துவதில்லை. தினம் ஒரு கிளாஸ் என்று தொடங்குகிற குடி, தினம் ஒரு மணி என்று தொடங்குகிற ஒன்லைன் சூது, இவைதான் ரிங்கைத் தின்கின்றன. வெளியே பார்த்தால் லொறி பளபளக்கும். உள்ளே கொம்பிரஷன் போயிருக்கும்.

வெட்டியது வளராது

போர் பண்ணக்கூடிய புளொக்கில் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று படிப்படியாகப் பெருத்து வரும். முதல் தடவையே 1.00க்கு வெட்டினால் கொஞ்சம் சீசீ கூடும்தான். அடுத்த தடவைக்கு உலோகம் இருக்காது. 0.25 போதுமென்றால் 0.25 வெட்டு. உன் எஞ்சினைப்போல லைனர் போட்டதென்றால் லைனரை மாற்றலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் லைனர் கிடையாது. சொந்தக் காணியைத் துண்டு துண்டாக விற்று லொறி வாங்குகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

பிஸ்டன் நாலையும் தராசில் வைத்துப் பார். நகைக் கடைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது. வித்தியாசம் சில கிராமுக்குள் இருக்க வேண்டும். கூடியதிலிருந்து கம்பனி சொன்ன இடத்தில் மட்டும் ராவலாம். ஓடத் தொடங்கிய பிறகு நாலு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜ் வைத்துப் பார். ஒன்று மட்டும் மேலே நிற்பது பெருமையல்ல. நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்றால்தான் கிராங் அமைதியாகச் சுற்றும். கட்டி முடித்ததும் முதல் 1,000 கிலோமீற்றருக்கு முழுச் சுமை ஏற்றாதே. ரிங் சுவரோடு பழக வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பெடியனுக்கும் அந்த அவகாசத்தைக் கொடு. முதல் நாளே கியர் பெட்டியைக் கழற்றச் சொல்லாதே.

இந்த வேலையில் இருக்கிற கணக்கு பத்தாம் வகுப்புக் கணக்கைத் தாண்டாது. வட்டத்தின் பரப்பு, உருளையின் கனவளவு, வகுத்தல். பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தபோது எதற்கென்று தெரியாமல் படித்தாய். இப்போது தெரிகிறது. முடிந்தால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் விண்ணப்பித்து, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழை எடுத்துவிடு. கைப்பழக்கம் என்னிடம் வரும், தாள் அங்கே வரும். இரண்டும் உள்ளவனுக்குக் கொழும்பிலும் வேலை உண்டு, கட்டாரிலும் உண்டு. உன் தங்கச்சிக்கும் சொல். மைக்ரோமீற்றர் பிடிக்கிற கைக்கு ஆண் பெண் கிடையாது.

சரி, உன் முதல் கேள்விக்கு என் தீர்ப்பு இது. கம்பனி வைத்த 18.2க்கே கட்டு. குழி அளந்து பார்த்த நல்ல வார்ப்புப் பிஸ்டன் போடு. டேர்போ ஆசையை விடு. மிச்சம் பிடிக்கிற காசில் புது எயார் கிளீனர்க் குழாய் வாங்கு, றேடியேட்டரைக் கழுவு, இன்ஜெக்டர் நாலையும் சோதித்து எடு. அதற்குப் பிறகும் கையில் ஏதும் இருந்தால், லீசிங் தவணையில் ஒரு மாதத்தை முன்கூட்டியே கட்டிவிடு.